பொறியியல் ஆலோசனை நிறுவனம் எப்படி வளர்கிறது? மணிக்கணக்கு, பணவரவு, சரிபார்க்கும் கண்

பாலத்துக்கோ பத்து மாடிக் கட்டடத்துக்கோ டிசைன் செய்து தரும் நிறுவனத்தில் கிடங்கு கிடையாது, கையிருப்புச் சரக்கும் கிடையாது. கான்ட்ராக்டர் சிமென்ட்டையும் கம்பியையும் இறக்கிக் கட்டி முடிக்கிறார். கன்சல்டன்ட் தருவதெல்லாம் கணக்குத் தாள், வரைபடம், அறிக்கை, தளத்தில் மேற்பார்வை, கடைசியில் ஒரு கையெழுத்து. அத்தனையும் பொறியாளர்களின் வேலை நேரத்திலிருந்து பிறப்பவை. இன்று விற்காமல் போன மணி நேரத்தை நாளைக்கு எடுத்துவைக்க முடியாது.

இந்தத் தொழிலின் வளர்ச்சி வேறு தொழில்களைப் போல இல்லாததற்குக் காரணம் இதுதான். நிறைய ஆர்டர் பிடித்தால் நிறுவனம் தானாகப் பெரிதாகும் என்று வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் கை நிறைய வேலை இருக்கும்போதே தடுமாறி விழுவது இந்தத் தொழிலில் சாதாரணம். வளர்ச்சியைத் தடுப்பவை மூன்று: மணி நேரக் கணக்கு, பணம் கைக்கு வரும் காலம், அடுத்தவர் செய்த டிசைனைச் சரிபார்க்கத் தகுதியுள்ள ஆட்கள். முதல் இரண்டையும் எல்லோரும் ஓரளவு கவனிக்கிறார்கள். பெரும்பாலும் முட்டிக்கொள்வது மூன்றாவதில்.

மணி நேரக் கணக்கு

வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம் என்றால் 2,080 மணி. விடுமுறை, விடுப்பு, பயிற்சி எல்லாம் போக ஒருவரிடம் மிஞ்சுவது ஏறக்குறைய 1,800 மணி. இதில் எத்தனை மணி வாடிக்கையாளரிடம் பில் போடக்கூடிய வேலைக்குப் போகிறது என்பதுதான் யூட்டிலைசேஷன், அதாவது பயன்பாட்டு விகிதம். டிசைன் மேசையில் இருக்கும் இளம் பொறியாளரிடம் 80 முதல் 85 சதவீதம் எதிர்பார்க்கலாம். ப்ராஜெக்ட் மேனேஜரிடம் 60 முதல் 70. நிறுவனத் தலைவர் 30, 40ஐத் தொட்டாலே போதும். அவருடைய மீதி நேரம் வாடிக்கையாளரைப் பார்ப்பதிலும் ஆட்களை வளர்ப்பதிலும் போகத்தான் வேண்டும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபடும். பணத்தை வெறும் 'அலகு' என்றே வைத்துக்கொள்வோம். 10 பேர், ஆளுக்கு 1,800 மணி, மணிக்குச் சராசரிச் சம்பளம் 10 அலகு. மொத்தச் சம்பளம் 1,80,000. வாடகை, மென்பொருள், காப்பீடு, கணக்காளர், டெண்டர் செலவு என மற்றவை 1,50,000. ஆக ஆண்டுச் செலவு 3,30,000. வாடிக்கையாளரிடம் மணிக்கு 30 வாங்குகிறோம்.

பயன்பாடு 75 சதவீதமாக இருந்தால் விற்ற மணி 13,500, வரவு 4,05,000, லாபம் 75,000. பயன்பாடு 65 சதவீதமாகக் குறைந்தால் விற்ற மணி 11,700, வரவு 3,51,000, லாபம் வெறும் 21,000. 10 புள்ளி சரிந்ததில் லாபத்தில் 72 சதவீதம் காணாமல் போய்விட்டது. 61 சதவீதத்தில் லாபமே இல்லை. அந்த 10 புள்ளி என்பது ஆளுக்கு வாரத்தில் 4 மணி நேரம்தான். வாடிக்கையாளர் இன்னும் மண் பரிசோதனை அறிக்கை தரவில்லை என்று இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலோ, யாரும் பில் போடாத ஒரு திருத்தத்தில் ஒரு நாள் போனாலோ அந்த 4 மணி கரைந்துவிடும்.

அதனால் டைம்ஷீட்டை, அதாவது எந்த வேலைக்கு எத்தனை மணி போனது என்ற பதிவை, அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும் டைம்ஷீட், பட்ஜெட்டுக்குத் தோதாகத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். பிறகு அடுத்த வேலைக்கு விலை சொல்லும்போது அந்தப் பொய் எண்ணை நம்பித்தான் சொல்வீர்கள்.

நேரடிச் சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு பில் போடுகிறோம் என்பதைப் பெருக்கி என்பார்கள். மேலே உள்ள கணக்கில் அது 3. தொழிலில் பொதுவாக அதை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பங்கு சம்பளத்துக்கு, ஒன்றரையை ஒட்டிய பங்கு வாடகை, பில் போடாத நேரத்துச் சம்பளம் போன்ற மேற்செலவுக்கு, மீதி லாபத்துக்கும் வராக்கடனுக்கும். பெருக்கியை 2.5ஆக இறக்கி வேலை பிடித்தால், மேலே சொன்ன நிறுவனத்துக்கு 75 சதவீதப் பயன்பாட்டிலும் மிஞ்சுவது 7,500 அலகு. ஒரே ஒரு வாடிக்கையாளர் கடைசி பில்லை இழுத்தடித்தால் அதுவும் போயிற்று.

வளர்ச்சி பணத்தைத் தின்னும்

புதியவர்கள் பெரும்பாலும் எதிர்பார்க்காத இடம் இது. ஜனவரியில் செய்த வேலைக்கு பிப்ரவரி முதல் வாரத்தில் பில் போகிறது. வாடிக்கையாளர் பக்கத்தில் அதைச் சரிபார்த்து ஒப்புதல் தர ஒரு மாதம். அதன் பிறகு ஒப்பந்தப்படி 30 நாள். வேலை செய்த நாளிலிருந்து பணம் வர ஏறக்குறைய 3 மாதம். சம்பளமோ மாதாமாதம் போகிறது.

நம் பத்துப் பேர் நிறுவனத்தின் மாதச் செலவு 27,500. மூன்று மாதத்துக்கு 82,500 அலகு எப்போதும் வெளியில் மாட்டிக்கொண்டிருக்கும். 15 பேராக வளர்ந்து செலவும் அதே விகிதத்தில் ஏறினால் மாதச் செலவு 41,250, மாட்டிக்கொள்வது 1,23,750. கூடுதலாகத் தேவைப்படும் 41,250 எங்கிருந்து வரும்? முந்தைய ஆண்டு லாபத்தில் பாதிக்கும் மேல் இதற்கே போய்விடும். புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரும் முதல் இரண்டு மூன்று மாதம் முழு வேகத்தில் இயங்க மாட்டார்கள் என்பதை இதில் சேர்க்கவேயில்லை. கணக்கேட்டில் லாபம், வங்கியில் வறட்சி என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இதற்கு ஆடம்பரமான தீர்வு எதுவும் தேவையில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 10 முதல் 20 சதவீதம் முன்பணம் கேளுங்கள். மைல்கல்லை, அதாவது வேலையில் முன்பே குறித்த ஒரு கட்டத்தை, எட்டினால்தான் பில் என்ற ஏற்பாட்டில், மைல்கற்களைச் சிறிது சிறிதாகப் பிரியுங்கள். 'விரிவான டிசைன் முடிந்ததும் 50 சதவீதம்' என்று எழுதிக்கொண்டால், வாடிக்கையாளரின் ஒரு தாமதத்தால் நான்கு மாத உழைப்பு பில்லுக்கு வராமல் நிற்கும். 'வாடிக்கையாளர் ஒப்புதல் தந்ததும்' என்பதைவிட 'சமர்ப்பித்ததும்' என்று எழுதுவது நல்லது. சமர்ப்பிப்பது உங்கள் கையில் இருக்கிறது, ஒப்புதல் இல்லை. பில் போடாத வேலை எவ்வளவு, பில் போட்டு வராத பணம் எவ்வளவு என்ற இரண்டு எண்களையும் மாதம் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் எண் ஏறிக்கொண்டே போனால், வேலை செய்கிறோம், பில் போடத் தயங்குகிறோம் என்று பொருள். அது பெரும்பாலும் ப்ராஜெக்ட்டில் ஏதோ ஒரு தகராறு மறைந்திருப்பதன் அடையாளம்.

எந்த வேலையைத் துரத்துவது

டெண்டர் வெளிவந்ததும் எல்லாவற்றுக்கும் விண்ணப்பிப்பது இளம் நிறுவனங்களின் பொதுப் பழக்கம். ஒரு முன்மொழிவு தயாரிக்க 60 மணி ஆகிறது என்று வையுங்கள். பத்துக்கு விண்ணப்பித்து இரண்டு கிடைத்தால் ஒரு வேலை பிடிக்க ஆன செலவு 300 மணி. கவனமாகத் தேர்ந்தெடுத்து ஐந்துக்கு மட்டும் விண்ணப்பித்து அதே இரண்டு கிடைத்தால் 150 மணி. கிடைத்த வேலை 600 மணிக்குரியது என்றால், முதல் வழியில் அதில் பாதி அளவு நேரத்தை வேலை பிடிக்கவே செலவழித்திருக்கிறீர்கள்.

ஆகவே விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பதை எழுத ஆரம்பிப்பதற்கு முன் அரை மணி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். டெண்டர் வெளிவருவதற்கு முன்பே இந்த வாடிக்கையாளரிடம் பேசியிருக்கிறோமா? இதே அளவில், இதே வகையில் முடித்த வேலை கையில் இருக்கிறதா? தலைமைப் பொறியாளர் என்று யார் பெயரை எழுதப்போகிறோம், அவர் அந்த மாதங்களில் உண்மையிலேயே கிடைப்பாரா? ஒப்பந்த நிபந்தனைகளை நம் காப்பீடு ஏற்குமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் வேறு மூன்றுக்கும் வலுவான 'ஆம்' இருந்தாக வேண்டும். முன்பின் தெரியாத வாடிக்கையாளரின் டெண்டர் ஆவணம், பல நேரங்களில் அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இன்னொருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும்.

விலை எவ்வளவு முக்கியம் என்பது தேர்வு முறையைப் பொறுத்தது. அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் 1972இல் வந்த புரூக்ஸ் சட்டப்படி, முதலில் தகுதியை மட்டும் பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகுதான் கட்டணம் பேசுகின்றன. உலக வங்கி நிதியில் நடக்கும் திட்டங்களில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பிடும் முறை பரவலானது. தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனி. தொழில்நுட்பத்துக்கு மதிப்பெண் போட்ட பிறகே விலை உறையைத் திறப்பார்கள். மிகக் குறைந்த விலைக்கு 100 மதிப்பெண். மற்றவர்களுக்கு அந்தக் குறைந்த விலையைத் தங்கள் விலையால் வகுத்து, 100ஆல் பெருக்கினால் வரும் எண்.

முதல் நிறுவனம் தொழில்நுட்பத்தில் 90 வாங்கி விலை 120 கேட்கிறது. இரண்டாவது 80 வாங்கி 100 கேட்கிறது. தொழில்நுட்பத்துக்கும் விலைக்கும் எடை 80க்கு 20 என்றால், முதலாவதுக்கு 72உம் 16.7உம் சேர்ந்து 88.7. இரண்டாவதுக்கு 64உம் 20உம் சேர்ந்து 84. இருபது சதவீதம் அதிக விலை கேட்டவரே ஜெயிக்கிறார். அதே போட்டியில் எடை 50க்கு 50 என்றால் முதலாவதுக்கு 86.7, இரண்டாவதுக்கு 90, முடிவு தலைகீழாகிறது. ஆகவே டெண்டரைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டிய பக்கம் மதிப்பெண் அட்டவணை. தரத்துக்கு அதிக எடை தரும் இடத்தில் விலையைக் குறைத்து வீணாக்காதீர்கள். விலைக்கு அதிக எடை தரும் இடத்தில், மிகச் சிறந்த ஆளை நிறுத்தி நட்டப்படாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. பழைய வாடிக்கையாளரிடமிருந்து வரும் அடுத்த வேலைக்கு ஆகும் முன்மொழிவுச் செலவு மிகக் குறைவு. பெரிய வாடிக்கையாளரோடு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பொதுவான கட்டண விகிதத்தைப் பேசி முடித்துவிட்டு, தேவைப்படும்போது வேலையை அழைத்துக் கொடுக்கும் ஏற்பாடு செய்துகொண்டால் வரவு சீராகும். ஆனால் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மொத்த வரவில் 30 சதவீதத்துக்கு மேல் வந்தால், அவர் பட்ஜெட்டை நிறுத்தும் நாளில் உங்கள் ஆட்களில் மூன்றில் ஒருவருக்கு வேலை இருக்காது.

வேலை எல்லையை எழுதுதல்

கட்டணம் மூன்று வகை: மொத்தத் தொகை, மணிக்கணக்கு, கட்டுமானச் செலவில் இத்தனை சதவீதம். எல்லை தெளிவாக இருந்தால் மொத்தத் தொகை நல்லது. வேகமாக முடித்தால் மிச்சம் உங்களுக்கு. ஆய்வு, பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பது போல உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத வேலைக்கு மணிக்கணக்குதான் நியாயம். சதவீத முறையில் ஒரு கோளாறு இருக்கிறது: யோசித்து யோசித்துச் செலவைக் குறைக்கும் டிசைனருக்குக் கட்டணமும் குறைகிறது.

மொத்தத் தொகை வேலையில் பணம் கசிவது எல்லைக் குறிப்பில். 'தேவையான வரைபடங்கள்' என்று எழுதாமல் '120 வரைபடங்கள், இரண்டு சுற்றுத் திருத்தம், 10 கூட்டங்கள்' என்று எழுதுங்கள். நில அளவையும் மண் பரிசோதனையும் யார் தருவது, எந்தத் தேதிக்குள் தருவது என்பதை எழுதுங்கள். செய்ய மாட்டோம் என்பவற்றையும் பட்டியலிடுங்கள். கூடுதல் வேலை வந்தால் அதைத் தொடங்குவதற்கு முன்பே கடிதம் போக வேண்டும். செய்து முடித்த கூடுதல் வேலைக்குப் பணம் கேட்டு வாங்குவது மிகவும் கடினம்.

120 வரைபடத்துக்குத் தலா 14 மணி என்று 1,680 மணி ஒதுக்கியிருக்கிறீர்கள். 672 மணி, அதாவது 40 சதவீதம், செலவாகிவிட்டது. முடிந்த வரைபடங்கள் 36, அதாவது 30 சதவீதம். இதே வேகத்தில் போனால் மொத்தம் 2,240 மணி ஆகும். இந்தக் கணக்கைப் போட இரண்டு நிமிடம் போதும். போட்டால் பத்தாவது வாரத்திலேயே தெரிந்துவிடும். போடாவிட்டால் கடைசி மாதத்தில் தெரியும். எவ்வளவு முடிந்தது என்பதை யாருடைய மனக்கணக்குக்கும் விடாதீர்கள். வரைபடம் தொடங்கினால் 20, சரிபார்ப்புக்குப் போனால் 60, வாடிக்கையாளருக்கு அனுப்பினால் 80, இறுதி ஒப்புதலில் 100 என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். 'தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது' என்ற நிலையிலேயே மூன்று மாதம் நிற்கும் ப்ராஜெக்ட்டுகளுக்கு இதுதான் மருந்து.

ஏழாவது ஆளிடம் வரும் முட்டுக்கட்டை

இப்போது மூன்றாவது தடைக்கு வருவோம். சிறிய நிறுவனத்தில் எல்லாக் கணக்கையும் எல்லா வரைபடத்தையும் நிறுவனரே பார்த்துக் கையெழுத்திடுகிறார். வாரத்துக்கு அவர் 45 மணி உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், டெண்டர் வகையில் 15 மணி. நிர்வாகம், பில், ஆள் சேர்ப்பு வகையில் 12 மணி. மீதி 18. பத்து மணி நேரத்தில் உருவான டிசைனை ஒழுங்காகச் சரிபார்க்க ஒரு மணியாவது வேண்டும். அப்படியென்றால் அந்த 18 மணியில் 180 மணி வேலையைப் பார்க்கலாம். ஒரு பொறியாளர் வாரத்தில் 30 மணி டிசைன் செய்கிறார் என்றால் அது 6 பேருடைய வேலை.

ஏழாவது, எட்டாவது ஆள் சேர்ந்ததும் இரண்டில் ஒன்று நடக்கும். வரைபடங்கள் அவர் மேசையில் குவிந்து காலக்கெடு தவறும். இல்லையேல் அவர் பார்க்காமலேயே கையெழுத்திடுவார். முதலாவது பணத்தைப் பாதிக்கும், இரண்டாவது உயிரைப் பாதிக்கும். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்ஸி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்ததில் 114 பேர் இறந்தார்கள். மேலே நான்காம் மாடி நடைபாதை, அதற்குக் கீழே இரண்டாம் மாடி நடைபாதை. இரண்டையும் கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி தாங்கும் என்பது முதல் டிசைன். செய்வதற்கு எளிது என்று கம்பியை இரண்டாகப் பிரித்தார்கள். கீழ் நடைபாதை மேல் நடைபாதையின் உத்திரத்திலிருந்தே தொங்கியது. அதனால் மேல் உத்திரத்தின் அடியில் இருந்த நட்டுக்கு இரண்டு மடங்கு சுமை வந்தது. அந்த மாற்றம் இருந்த வரைபடத்துக்கு, இணைப்பை மறுபடி கணக்கிடாமலே பொறியாளரின் ஒப்புதல் முத்திரை விழுந்தது. முத்திரைக்குப் பொறுப்பானவர்கள் அந்த மாநிலத்தில் உரிமத்தை இழந்தார்கள். நிறுவனம் பெரிதாகும்போது சரிபார்ப்பை யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்கத் தொடங்குவது இயல்பு. அந்த இயல்பை முறைப்படி தடுக்கத்தான் வேண்டும்.

முதல் வேலை, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் டிசைன் தொடங்குவதற்கு முன் இரண்டு பக்க அடிப்படைக் குறிப்பு. எந்தக் கட்டுமான விதித்தொகுப்பு, எந்தப் பதிப்பு, தரைச்சுமை எவ்வளவு, மண்ணின் தாங்குதிறன் எவ்வளவு, கான்கிரீட் தரம், காற்றின் வேகம், நிலநடுக்க மண்டலம். இதில் நிறுவனரோ துறைத் தலைவரோ கையெழுத்திட வேண்டும். பெரும் தவறுகள் கணக்கிடுவதில் வருவதைவிட எடுத்துக்கொண்ட அனுமானத்தில்தான் அதிகம் வருகின்றன. அனுமானத்தை முதல் நாளே பார்த்துவிட்டால் பின்னால் சரிபார்ப்பு இலகுவாகும்.

அடுத்தது, வரைபடத்தின் பெயர்க்கட்டத்தில் மூன்று கையெழுத்து: தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். தயாரித்தவரே சரிபார்ப்பவராக ஒருபோதும் இருக்கக் கூடாது. எல்லா வேலைக்கும் ஒரே ஆழத்தில் சரிபார்ப்பு தேவையில்லை. பலமுறை செய்த சாதாரண உத்திரத்துக்குச் சரிபார்ப்புப் பட்டியல் போதும். புதுவகைக் கட்டமைப்புக்குக் கணக்கு முழுவதையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். தோற்றால் உயிர் போகும் என்ற வேலைக்கு, இன்னொரு குழு முதல் குழுவின் மாடலைப் பார்க்காமல் தானே ஒரு மாடல் போட்டு விடையை ஒப்பிட வேண்டும்.

மென்பொருளை நம்புவதற்கு முன் கைக்கணக்கு. ஒரு தளம் 400 சதுர மீட்டர், சதுர மீட்டருக்கு மொத்தச் சுமை 12 கிலோநியூட்டன், ஐந்து தளம் என்றால் அடித்தளத்துக்கு வர வேண்டியது 24,000 கிலோநியூட்டன். மென்பொருள் 23,500 என்று காட்டினால் சரி. 19,200 என்று காட்டினால் ஒரு தளத்தின் சுமையே விடுபட்டிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஆனால் வண்ண வண்ணமான வரைபடத்தைப் பார்த்து மயங்கி இதைச் செய்யாமல் விடுபவர்கள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சரிபார்ப்பவர்களை உருவாக்க வேண்டும். ஐந்து ஆறு ஆண்டு அனுபவம் உள்ள ஒருவருக்கு அவர் நேரத்தில் கால் பங்கை அடுத்தவர் வேலையைப் பார்க்க ஒதுக்குங்கள். முதல் ஆண்டு அவர் சரிபார்த்ததை நிறுவனர் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்து மறுபடி பார்க்கட்டும். இந்தக் கால் பங்கு நேரம் பில்லில் முழுதாகத் திரும்பாது; பயன்பாட்டு விகிதம் இறங்கும். லாபம் நன்றாக இருக்கும் ஆண்டிலேயே இதைச் செய்யுங்கள். வேலை வந்து குவிந்த பிறகு ஒருவரைச் சரிபார்ப்பவராக்க நேரம் இருக்காது. வெளியிலிருந்து சேர்த்தாலும், உங்கள் முறையும் வாடிக்கையாளரின் பழக்கமும் அவருக்குப் பிடிபட ஆறு மாதமாவது ஆகும்.

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். பெரிய வாடிக்கையாளர்கள் பலர் அதை நுழைவுத் தகுதியாகக் கேட்கிறார்கள். மேலே சொன்னதை உண்மையில் செய்கிற நிறுவனத்துக்கு அது இருப்பதை எழுதிவைக்கும் வேலைதான். செய்யாத நிறுவனத்தில் அது அலமாரியில் இருக்கும் கோப்பாகவே இருந்துவிடும்.

எந்தத் திசையில் விரிவது

விரிவதற்குப் பல வழி உண்டு. இருக்கும் வாடிக்கையாளருக்குப் புதுச் சேவை தரலாம். இருக்கும் சேவையைப் புது வாடிக்கையாளரிடமோ புது ஊரிலோ விற்கலாம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். குடிநீர்க் குழாய் டிசைன் செய்யும் நிறுவனம், அதே நகராட்சிக்கு நீர்க்கசிவு ஆய்வு செய்து தருவது இயற்கையான அடுத்த அடி. வாடிக்கையாளரைத் தெரியும், குழாயைத் தெரியும். அதே நிறுவனம் தெரியாத ஊரில், தெரியாத வாடிக்கையாளருக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் செய்யப் போனால் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டும். அந்தக் கற்றலுக்கான செலவை யாரும் கட்டணமாகத் தர மாட்டார்கள்.

புதிய துறையில் நுழைய எளிய வழி, அந்தத் துறையில் பேர்பெற்ற பெரிய நிறுவனத்தின் கீழ் துணை ஆலோசகராகச் சேர்வது. கட்டணம் குறைவு, பணமும் தாமதமாகும். அவருக்கு வந்தால்தான் உங்களுக்கு என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஒரு வேலையை முடித்ததும், 'செய்திருக்கிறோம்' என்று அடுத்த டெண்டரில் எழுத முடியும். கூட்டு முயற்சியாகச் சேர்ந்தால் பொறுப்பு வேறு மாதிரி. பல ஒப்பந்தங்களில் கூட்டாளிகள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள். உங்கள் கூட்டாளி விட்டுப்போனால் அவருடைய பங்கு வேலையும் உங்கள் தலையில்தான்.

வேறு ஊரில் கிளை திறப்பதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, திறக்கும் முன்பே கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் அங்கே போகும்போது பின்தொடர்வது நல்ல வாய்ப்பு. இரண்டு, அந்த ஊரில் உரிமம் பெற்று, தானே சரிபார்த்துக் கையெழுத்திடக்கூடிய ஒருவர். அங்கே விற்பனைக்கு ஒருவரை உட்காரவைத்துவிட்டு எல்லா டிசைனையும் தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், மேலே சொன்ன 18 மணி நேரத்தை இன்னும் மெல்லியதாகப் பிரிக்கிறீர்கள். கிளை முதல் ஓர் ஆண்டு, ஒன்றரை ஆண்டு நட்டத்தில் ஓடும் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பணத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

ஒப்பந்தமும் காப்பீடும்

வேலை பெரிதாகும்போது ஒப்பந்தத்தில் நுழையும் ஒரு சொற்றொடரைக் கவனியுங்கள்: 'நோக்கத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்று உறுதியளிக்கிறோம்.' கன்சல்டன்ட் தர வேண்டியது நியாயமான திறமையும் கவனமும். முடிவுக்கே உத்தரவாதம் என்பது வேறு. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடுகள் பொதுவாக அந்த உத்தரவாதத்தை ஏற்பதில்லை. ஆகவே கையெழுத்திட்டால் அந்த அபாயம் முழுவதும் உங்கள் சொந்தப் பையில். ஃபிடிக் என்று அழைக்கப்படும் ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1913இல் தொடங்கியது. வாடிக்கையாளருக்கும் கன்சல்டன்ட்டுக்கும் இடையே அது வெளியிட்டிருக்கும் மாதிரி ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிட்டால், எது வழக்கமான நிபந்தனை, எது வழக்கத்துக்கு மாறானது என்பது பிடிபடும். மொத்தப் பொறுப்புக்கு உச்சவரம்பு கேட்டுப் பெறுவதும் வழக்கமான நிபந்தனைகளில் ஒன்று.

இந்தக் காப்பீடு பெரும்பாலும் கோரிக்கை வரும் நாளைப் பார்க்கும். வேலை செய்த நாளைப் பார்க்காது. ஆறு ஆண்டுக்கு முன் செய்த டிசைனில் இன்று கோரிக்கை வந்தால், இன்று காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். பணம் நெருக்கடியாக இருக்கிறது என்று ஓர் ஆண்டு விட்டுவிட்டால் பழைய வேலை எல்லாம் திறந்தவெளியில் நிற்கும்.

நிறுவனத்தை வாங்குவதும் கைமாற்றுவதும்

உலகின் பெரிய பொறியியல் ஆலோசனை நிறுவனங்களில் பல, மற்ற நிறுவனங்களை வாங்கியே இன்றைய அளவுக்கு வந்தன. 2014இல் ஏஇகாம் யூஆர்எஸ்ஸை வாங்கியது. அதே ஆண்டு டபிள்யூஎஸ்பி, பார்சன்ஸ் பிரிங்கர்ஹாஃபை வாங்கியது. 2017இல் ஜேக்கப்ஸ், சிஎச்2எம்மை வாங்கியது. சிறிய அளவிலும் இது நடக்கிறது. பத்துப் பேர் நிறுவனம் நான்கு பேர் நிறுவனத்தை வாங்குவது, புதிய துறையில் கையெழுத்திடத் தகுதியுள்ளவரை ஒரே நாளில் பெறும் வழி.

வாங்குவது என்ன என்று யோசியுங்கள். மேசையும் கணினியும் அல்ல. வாங்குவது ஆட்களையும் அவர்கள்மேல் வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும்தான். இரண்டும் மாலையில் வீட்டுக்குப் போகும். மறுநாள் வர வேண்டும். அதனால் விலையில் ஒரு பகுதியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து, முக்கியமானவர்கள் தொடர்ந்து இருந்து வரவு குறித்த அளவை எட்டினால் தருவதாக ஒப்பந்தம் போடுவார்கள். வாங்கும் முன் அவர்கள் கணக்கில் பில் போடாத வேலை என்று காட்டியிருப்பதை ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டாகத் திறந்து பாருங்கள். வராத பணம் ஒளிந்திருக்கும் வழக்கமான இடம் அது. அவர்களுடைய பழைய டிசைன்களின் பொறுப்பும் சேர்ந்து வரலாம். அதற்கு யார் காப்பீடு எடுப்பது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்ய வேண்டும்.

மறுபக்கம், உங்கள் நிறுவனத்தையே அடுத்த தலைமுறைக்கு விடும் நாளும் வரும். 1946இல் லண்டனில் தொடங்கிய ஆரப் என்ற பொறியியல் ஆலோசனை நிறுவனம், பங்குச் சந்தைக்குப் போகாமல் ஊழியர்களின் நலனுக்கான அறக்கட்டளைகளின் உடைமையாகவே நடக்கிறது. சிறிய நிறுவனங்களில் வழக்கமான முறை, மூத்த பொறியாளர்களுக்குச் சிறிது சிறிதாகப் பங்கு விற்பது. அவர்கள் சம்பளத்திலும் ஆண்டு போனஸிலும் இருந்து அந்தப் பங்குக்குப் பணம் கட்டுவதால் ஐந்திலிருந்து பத்து ஆண்டு ஆகும். நிறுவனர் ஓய்வுபெற நினைக்கும் ஆண்டிலிருந்து பத்தைக் கழித்துப் பாருங்கள். முதல் பங்கை விற்க வேண்டிய ஆண்டு அது. வாங்கப்போகிறவர் யார் என்பது அதற்கும் முன்பே, யாரிடம் முதன்முதலாகச் சரிபார்ப்பை ஒப்படைத்தீர்கள் என்பதில் பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.